மூன்றாவது பெட்டி

உட்காருங்க அக்கா. அந்த மூட்டையை அக்கட்டால தள்ளிட்டு நல்லாக் காலை நீட்டி உட்காருங்க. நான் கையை நிறுத்த முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி வந்துரும், அதுக்குள்ள இந்தப் பனியன் அத்தனைக்கும் பிசிறு வெட்டியாகணும். பிசிறுன்னா ஒண்ணுமில்லைங்க, தைச்சு முடிச்ச இடத்துல நூல் வால் மாதிரித் தொங்கும் பாருங்க, கழுத்துல ஒண்ணு, கைக்கு ஒண்ணொண்ணு, இடுப்புல ஒண்ணு. அதை இந்தச் சின்னக் கட்டரால நறுக்கணும். நூலை விட்டுட்டுத் துணியை நறுக்கினா போச்சு. அதனால கண்ணு இங்க இருக்கும். காது உங்ககிட்ட இருக்கும்.

பெட்டிதானே? அதோ அலமாரி மேல, மஞ்சள் துண்டு போர்த்தி இருக்குது. தூசி படக்கூடாதாம். பாப்பாவுக்குத் தலை துவட்ட ஒரு நல்ல துண்டு இந்த வீட்டுல கிடையாது, பெட்டிக்குத் துண்டு. அவர் அஞ்சரைக்கு ஷிப்டு முடிச்சு வந்துருவார். வந்து அவரே எடுத்துக் காட்டுவார். "உடுமலைல இருந்து ஒருத்தர் வர்றார், உட்கார வை, காப்பி குடு, பெட்டியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே, எதையாவது உளறி வைப்பே"ன்னு சொல்லிட்டுப் போனார்.

சரி, பெட்டியைப் பத்தி நான் ஒண்ணும் பேசல.

நான் பொதுவாவே பேசற ஆள் இல்லைங்க. கம்பெனி வண்டிக்காரர் ரெண்டு வருஷமா வர்றார். அவர்கிட்ட "சரிங்க"ங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்லை. பக்கத்து வீட்டுல "உன் மருமக ஊமையா?"ன்னு எங்க மாமியாரைக் கேட்டாங்களாம். நீங்க பொம்பளையாப் போயிட்டீங்க, அதுவும் முன்னப்பின்ன தெரியாத பொம்பளை, நாளைக்கு எந்தத் தெருவுலயும் எதுக்க வந்து நிக்க மாட்டீங்க. அதனால வாய் தானா வருது.

ஆனா நீங்களுமா அக்கா? பார்த்தா பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்கீங்க. வீடு வாசல் இருக்கும். இந்தச் சோத்து டப்பா பெருசு இருக்கற பெட்டிக்காக ரெண்டு பஸ் மாறிப் பல்லடம் வந்திருக்கீங்க, அதுவும் ஒருத்தர் வேண்டாம்னு தள்ளின பெட்டிக்கு. சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. நானும் ஒரு வருஷமா சிரிச்சுட்டுத்தான் இருக்கறேன், வாயை மூடிட்டு.

எல்லாம் அந்த ஹெட்போன்ல ஆரம்பிச்சது. அவர் வேலை பார்க்கற தறிக்குடோன் முதலாளி வீட்டுப் பையன் படிக்க வெளிநாடு போனான். போறப்போ ரூமைக் காலி பண்ணி, வேண்டாததை எல்லாம் குடோன் ஆளுங்களுக்கு அள்ளிக் குடுத்தான். ஒருத்தருக்கு டேபிள் ஃபேன். ஒருத்தருக்கு ஷூ, புதுசு மாதிரி. எங்க வீட்டுக்காரருக்கு ஹெட்போன். எவ்வளவு பெருசுங்கறீங்க? ரெண்டு கொட்டாங்குச்சியைக் காதுல கவுத்த மாதிரி. அந்த டேபிள் ஃபேனை வாங்கிட்டு வந்திருந்தா பாப்பா வேர்க்காம தூங்கியிருக்கும்.

சரி, வந்தது வந்துருச்சு. போன்ல சொருகினார். கொசு பாடற மாதிரி இருக்குது. போன்ல இருக்கற சத்தத்தை எல்லாம் வச்சாச்சு, அப்பவும் கொசு. கெட்டுப்போனதைத் தலைல கட்டிட்டான்னு நான் நினைச்சேன். இல்லையாம். அது முந்நூறு ஓம்ஸாம். "ஓம்ஸ்னா என்னங்க?"ன்னேன். "அது கனமான ஆளு, துளசி. போன் தள்ளினா நகராது. தள்ளறதுக்குத் தெம்பான ஆம்ப் வேணும்"ன்னார். அந்த வார்த்தையை அவர் சொன்ன நேரம் நான் அடுப்புல பால் வச்சிருந்தேன். பொங்கிருச்சு. நல்ல சகுனம்னு வேற சொன்னார்.

அப்புறம் ஆம்ப் மட்டும் பத்தாதுன்னாங்க. யாருங்கறீங்களா? குழு. போன்ல ஒரு குழு, "தெளிவான ஒலி நண்பர்கள்"னு பேர். நாப்பது பேர். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. எழுதறதும் இல்லை, எல்லாம் குரல்ல அனுப்புவாங்க, இவர் அதைச் சத்தமா வச்சுக் கேப்பார், நான் பிசிறு வெட்டிட்டே கேப்பேன். அப்படித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். நான் அஞ்சாவதோட நின்னவ. ஆனா இப்ப என்னைக் கேளுங்க, சொல்றேன். போன்ல இருக்கற பாட்டு பாட்டாவே இல்லையாம், வெறும் எண்ணாம். அந்த எண்ணைப் பாட்டா மாத்தித் தர்றதுக்கு ஒரு பெட்டி, அதுக்கு டேக்னு பேர். மாத்தின பாட்டுக்குத் தெம்பு குடுத்து ஹெட்போனுக்குள்ள தள்ள இன்னொரு பெட்டி, அது ஆம்ப். ரெண்டையும் ஒண்ணா வச்சு ஒரே பெட்டியாவும் விக்கறாங்க. ஏழை பாழைங்க அதைத்தான் வாங்கணும். சரிதானுங்களே? பார்த்தீங்களா. இதை அவர் எனக்குப் படம் போட்டு விளக்கினார். நான் தெரியாத மாதிரியே கேட்டுக்கிட்டேன்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்க மூணு மாசம் ஆச்சுங்க. மூணு மாசம். தினசரிக் காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னாடி கோடு போட்டு, பெட்டி பேரு, விலை, தெம்பு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவுன்னு எழுதுவார். மறுநாள் அடிச்சுட்டு வேற எழுதுவார். வெள்ளைக்காரன் ஒருத்தன் பெட்டியைப் பிரிச்சு மலை மாதிரிக் கோடு போட்டுக் காட்டுவான். இவருக்கு அந்தப் பாஷையும் தெரியாது, கோடும் புரியாது. ஆனா தலையைத் தலையை ஆட்டிட்டுப் பார்ப்பார். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார், அக்கா. காப்பி கூடக் குடிச்சு முடிக்கல, "சரி, முடிச்சுக்கலாம்"னுட்டார். காலம் பூராக் கூட இருக்கறவளுக்குப் பத்து நிமிஷம், பெட்டிக்கு மூணு மாசம்.

அந்தக் குழுல பேசற பேச்சைக் கேக்கணுமே. ஒரு பெட்டி வெதுவெதுப்பாப் பாடுதாம். ஒண்ணு பளீர்னு பாடுதாம். வெந்நீரா, டியூப்லைட்டா? பாட்டுக்குப் பின்னாடி கறுப்பா இருக்கணுமாம். சத்தத்துக்குப் பின்னாடி எப்படிங்க கறுப்பு இருக்கும்? பொங்கலூர்ல இருந்து மகுடபதின்னு ஒருத்தர், அவர் வாழைக்காய் மண்டி வச்சிருக்கார், அவர் ஒரு ஒயரை மாத்தினதுக்கு எட்டு நிமிஷம் பேசினார். ஒயரை மாத்தினதுல இருந்து வயலின்காரர் ரெண்டடி தள்ளி உட்கார்ந்துட்டாராம். நான் பாப்பாவைத் தோள்ல போட்டுட்டு நின்னேன், சிரிப்பை அடக்க முடியல. பாப்பா குலுங்குது.

மொதப் பெட்டி சோப்பு டப்பா மாதிரி இருந்தது. நான் அப்படித்தான் பேர் வச்சேன். வந்த அன்னைக்கு மகுடபதி அண்ணனும் பார்க்க வந்துட்டார், கைல அந்த ஒயரோட. ரெண்டு பேரும் இதே இடத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்தாங்க. இவர் ஒரு பழைய பாட்டைப் போட்டார். சின்ன வயசுல பஸ் ஸ்டாண்டு டீக்கடை டேப்ல கேட்ட பாட்டாம். அதுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி, எல்லா வாத்தியமும் அடங்கற இடத்துல, கொலுசுல ஒரு மணி மட்டும் அசைஞ்ச மாதிரி ஒரே ஒரு சத்தம் வருமாம். அதைக் கேக்கறதுக்குத்தான் இத்தனை பாடு. போன்லயும் கேக்கல, டிவிலயும் கேக்கல, இதுல கேக்கும்னு நம்பி வாங்கினது.

பாட்டு ஓடுது. இவர் கண்ணை மூடிட்டுக் கேக்கறார். அந்த இடம் தாண்டிப் போச்சு. முகம் விழுந்துருச்சு.

"மணி வரலைங்க மகுடபதி."

"மறுக்கா வைங்க."

மறுக்கா வச்சார். வரல. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இந்தா, நீயும் மாட்டிப் பாரு"ன்னு தலைல கவுத்து விட்டார். எனக்கு அவ்வளவு பெரிய ஆம்பளை முன்னாடி நிக்கறதே கூச்சம். ஆனா பாட்டு வந்ததும், என்ன சொல்றது, நல்லாத்தான் இருந்தது. மணியும் வந்தது. டிங்னு, இந்தப் பக்கம், இடது காதுக்குக் கொஞ்சம் மேல.

"வந்துச்சுங்களே"ன்னேன்.

"என்ன வந்துச்சு?"

"மணிதானுங்க."

என்னையே பார்த்தார். அப்புறம் மகுடபதி அண்ணனைப் பார்த்துச் சிரிச்சார். "ரோட்டுல ஐஸ் வண்டி போயிருக்கும். அஞ்சாங்கிளாஸுக்கு ஹெட்போன் மாட்டினா இதுதான்."

அந்த மனுஷனும் சிரிச்சார். "கேக்கறதுக்கும் பயிற்சி வேணும் தங்கச்சி. எடுத்த உடனே வராது"ன்னார். வாழைக்காய் மண்டிக்காரர்.

நான் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு உள்ள போயிட்டேன். காப்பி போட்டேன். எங்க வீட்டுக்காரரோடதுல சர்க்கரை போடல. அவ்வளவுதான் நம்மால முடிஞ்சது.

ஆனா அக்கா, மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டேன். இனிமே இந்த ஆளுக்கு மணி கேக்குதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். கிடக்கட்டும்.

சோப்பு டப்பாவை வித்துட்டு ரெண்டாவது பெட்டி வந்தது. அது செங்கல். கனமா, கறுப்பா, குமிழைத் திருகினா வெண்ணெய் மாதிரிச் சுத்தும். போட்டார், கேட்டார், முகம் விழுந்தது. "துளசி, இங்க வா. நிதானமாக் கேட்டுச் சொல்லு. மணி வருதா?"

வந்தது. சோப்பு டப்பாவை விடத் தெளிவா வந்தது. மணிக்கு அப்புறம் ஒரு ரீங்காரம் இருக்குது, அது கூட வந்தது.

"இல்லைங்க"ன்னேன்.

"பார்த்தியா! நல்லாக் கேட்டியா?"

"நல்லாக் கேட்டேனுங்க. மணியே இல்லை."

உடனே குழுல போட்டார். "என் மனைவியும் கேட்டுப் பார்த்தாச்சு, அவங்களுக்கும் கேக்கல"ன்னு. சிரிக்கறதுக்கு என் காது அஞ்சாங்கிளாஸ். பெட்டியைத் தள்ளிவிடறதுக்கு மட்டும் என் காது சாட்சி. நாப்பது பேரும் ஒரே குரல்ல, "அண்ணா, பெட்டி போலி. மேல்ஸ்தாயி செத்துப் போச்சு. மாத்திருங்க"ன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு குளுகுளுன்னு இருந்தது தெரியுமா? படிச்சவங்க, ஒயர் மாத்தறவங்க, நாப்பது பேர். நான் ஒரு பொய் சொன்னேன், அத்தனை பேரும் ஆடறாங்க.

செங்கல் போனப்போதான் கொஞ்சம் மனசு கேக்கல. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அவர் குடோனுக்குப் போனதும், பாப்பா தூங்கினதும், நான் மாட்டிட்டு உட்கார்ந்துக்குவேன். பிசிறு வெட்டறதுக்குக் கையும் கண்ணும்தானே வேணும். செங்கல்ல கேட்டீங்கன்னா பாடற அம்மா மூச்சு இழுக்கறது கூடத் தெரியும். சோப்பு டப்பால சும்மா இருக்கறப்போ உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் இருக்கும், செங்கல்ல அது கிடையாது. அதைத்தான் கறுப்புங்கறாங்க போல. மூணாவது இதோ, நீங்க வாங்க வந்தது. இதுல முன்னாடி எண்ணெல்லாம் பச்சையா எரியும். தெம்பு ஜாஸ்தி, ஆனா அந்த அம்மா மூச்சு செங்கல் அளவுக்கு இல்லை. காசுக்குப் பழுதில்லை, எடுத்துக்கலாம். இதுலயும் நான் "இல்லைங்க"தான் சொன்னேன்.

அட, பெட்டியைப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தார்.

தப்புதான், தெரியும். அப்படிப் பார்க்காதீங்க. நீங்க மட்டும் இந்த ஆளுகூட ஒரு வாரம் இருந்து பாருங்க. ஒண்ணு சொன்னா காதுல வாங்க மாட்டார். "சாப்பிட வாங்க"ன்னு மூணு தடவை கூப்பிடணும். டிவி சத்தம் தெருமுனைக்குக் கேக்கும், குறைங்கன்னா "இதுக்கு மேல குறைச்சா ஊமைப் படம்தான்"ங்கறார். போன் பேசினா ஊருக்கே பேசற மாதிரி. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் கீழ குழாயடில துணி அலசிட்டு இருக்கறேன். மேல பாப்பா கத்துது. கத்துதுன்னா அப்படி. கீழ் வீட்டு அக்கா, "துளசி, உன் பிள்ளை துடிக்குது பாரு"ங்கறாங்க. ஈரக்கையோட ஓடி வந்து பார்த்தா, இவர் பாப்பாவுக்குப் பக்கத்துலயே படுத்துட்டு, போன்ல கோடு பார்த்துட்டு இருக்கறார். ஒரு கை தூரத்துல பிள்ளை செவசெவன்னு கத்துது. கேட்டும் கேக்காத மாதிரிக் கிடக்கறதுக்கு ஆம்பளையாப் பொறக்கணும். "நீங்கெல்லாம் மனுஷனா?"ன்னுட்டேன். அப்படி நான் அதுவரைக்கும் பேசினதில்லை. அதுக்கு அவர் முழிக்கறார், என்னமோ அப்பத்தான் பாப்பா அழ ஆரம்பிச்ச மாதிரி.

என்ன கேட்டீங்க? இல்லைங்க, அப்போ ஹெட்போன் மாட்டல. சும்மாதான் படுத்திருந்தார். வலது பக்கமா ஒருக்களிச்சு, தலையணைல காதை அழுத்திட்டு. பாப்பா அவர் முதுகுக்குப் பின்னாடி. எதுக்குக் கேக்கறீங்க?

வேலையா? அதான் சொன்னேனே, தறிக்குடோன். பதினாலு வயசுல போனவர், பதினேழு வருஷம் ஆகுது. நாடா போட்டு அடிக்கற பழைய தறி, நாடான்னா நூலோட அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாயற கட்டை. நீங்க அதுக்குள்ள போயிருக்க மாட்டீங்க. வாசல்ல நின்னாலே நெஞ்சுக்கூடு அதிரும். கல்யாணம் ஆன புதுசுல சோறு கொண்டு போனேன், ஆளுங்க எல்லாம் கையைக் காலை ஆட்டிட்டு நிக்கறாங்க, ஏதோ சண்டைன்னு பயந்துட்டேன். சண்டை இல்லை, பேசிக்கறாங்களாம். அங்க வாயால பேசினா எடுபடாது. பொம்பளைங்க கழிவுப் பஞ்சைத் திரிச்சுக் காதுல வச்சுக்குவாங்க. இவர் வைக்க மாட்டார். அதுல ஒரு பெரிய கெத்து இவருக்கு. "காதை அடைச்சுட்டா தறி பேசறது எப்படிக் கேக்கும்?"ம்பார். பதினாறு தறி ஒண்ணா ஓடும், இவர் நடுவுல நின்னுட்டு, "ஒன்பதாவது தறில நாடா ஒதுங்கி அடிக்குது"ம்பார். போய்ப் பார்த்தா அப்படியே இருக்கும். முதலாளியே நாலு பேர்கிட்டச் சொல்லுவாராம், "திருமூர்த்தி காது இருக்கற வரைக்கும் எனக்கு மெக்கானிக் வேண்டாம்"னு. எங்கப்பா அதைக் கேட்டுத்தான் பொண்ணு குடுத்தார்.

இப்பத்தான் அங்கயும் கெட்ட நேரம். ரெண்டு மாசம் முன்னாடி பதினோராவது தறி தப்பா ஓடியிருக்குது, அரை நாள் துணி வீணாப் போச்சு. மேனேஜர் வந்து, "நீ பக்கத்துலதானே நின்னே, சத்தம் மாறினது தெரியலையா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். தறில இருந்து எடுத்துத் துணி மடிக்கற இடத்துல உட்கார வச்சுட்டாங்க. மேனேஜருக்கு இவர் மேல பொறாமை, அதுதான் விஷயம். இவரும் அப்படித்தான் சொல்றார். வீட்டுக்கு வந்து சோறு கூடத் தின்னாம, இந்தப் பெட்டியை மாட்டிட்டு அந்தப் பாட்டை மறுக்கா மறுக்கா வச்சார். குமிழைத் திருகித் திருகி. "மணி மட்டும் கேட்டுட்டா போதும் துளசி"ங்கறார். அதென்ன பேச்சு? வேலை போற நேரத்துல மணி எதுக்கு? "கேக்குதா, நீ சொல்லு, நீ சொன்னா நம்பறேன்"னு ஹெட்போனை என் தலைல வச்சார். 

"இல்லைங்க"ன்னேன்.

அன்னைக்கு மட்டும் அவருக்கு அது சந்தோஷமா இருந்த மாதிரி இருந்தது. "அப்ப பெட்டிதான்"னார். "பெட்டிதான் சரியில்லை, இல்லையா?"ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டார். நானும் "ஆமாங்க, பெட்டிதான்"னு சொல்லிட்டே இருந்தேன். அப்புறம்தான் சாப்பிட்டார். அடுத்த நாளே விக்கப் போட்டுட்டு நாலாவது பெட்டிக்குக் காலண்டர் தாளைக் கிழிச்சுட்டார். பைத்தியம்னு இதைத்தானே சொல்றது?

ஏன் அக்கா கடிகாரத்தைப் பார்க்கறீங்க? காப்பி ஆறிப் போச்சா?

அட, பஸ்ஸுக்கு நேரம் ஆயிருச்சுன்னா நீங்களே எடுத்துப் பார்த்துக்குங்க. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். துண்டை இங்க போடுங்க. ஒயர் பின்னாடி இருக்குது. ஹெட்போன் அந்த ஆணில மாட்டியிருக்குது. என் போன்ல அந்தப் பாட்டு இருக்குது, இந்தாங்க, இதையே போடுங்க. சும்மா ஒரு தடவை. பாப்பா முழிச்சுக்காது, ஹெட்போன்ல வச்சா அதுக்குக் கேக்காதில்ல.

ஐயோ! என்னாச்சு? பார்த்து, பார்த்து. குமிழு அவர் வச்ச இடத்துலயே இருந்திருக்குது, நான் சொல்ல மறந்துட்டேன். குறைங்க. அடியில ஒரு சின்ன சுவிட்சு இருக்கும், அதையும் ஜாஸ்தில வச்சிருப்பார், கீழ தள்ளுங்க. காது வலிக்குதா? நானும் மொதல்ல குறைச்சுட்டுத்தான் மாட்டுவேன், அப்புறம் அவர் வர்றதுக்குள்ள பழைய இடத்துலயே திருப்பி வச்சுருவேன். தெரியக் கூடாதில்ல. ஆமாங்க, அவ்வளவு சத்தம் வச்சாத்தான் அவருக்கு. மாசத்துக்கு மாசம் குமிழு அந்தப் பக்கமாப் போயிட்டே இருக்குது. "தெம்பு பத்தல, தெம்பு பத்தல"ம்பார். தெம்பு ஜாஸ்தி வேணும்னுதானே இந்தப் பெட்டியே.

இப்போ சரியா இருக்குதா? நீங்க கேளுங்க. நான் இந்தக் கழுத்தை முடிச்சுடறேன். உங்க தலை ஆடறதைப் பார்த்தாலே தெரியுது, மொதச் சரணம். ஆ, முடிஞ்சுது. இப்போ வயலின் வரும். வயலின் அடங்கும். இப்போ பாருங்க...

விரலைத் தூக்கினீங்களே.

ஏனுங்க அக்கா, இப்போ ஒரு விரலைத் தூக்கினீங்களே, எதுக்கு? மணியா? கொலுசு மாதிரியா? இடது பக்கம், கொஞ்சம் மேல?

உங்களுக்கும் கேக்குது.

கழட்டாதீங்க, இருங்க. இல்லை, கழட்டுங்க, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குப் பயிற்சி இருக்குதா? குழுல எல்லாம் இருக்கீங்களா? இல்லையா? எடுத்த உடனே கேட்டுச்சா? குமிழை இவ்வளவு கீழ வச்சுமா? அப்படின்னா இது நல்ல பெட்டி. சோப்பு டப்பாவும் நல்ல பெட்டி. எனக்கு அது தெரியும், எனக்குத்தான் எல்லாத்துலயும் கேட்டுச்சே. நான் என்ன நினைச்சேன்னா, அவருக்கும் கேக்கும், பெருசு பெருசாப் பேசினதுக்கு வேணும்னே இல்லைங்கறார்னு. இல்லை, நான் ஒண்ணும் நினைக்கல. நினைச்சே பார்க்கல. பதினாறு தறிக்கு நடுவுல ஒரு நாடா ஒதுங்கறதைக் கேட்ட மனுஷனுக்கு, வீட்டுக்குள்ள இருந்துட்டு இந்த மணி எப்படி...

பதினோராவது தறி, சுவத்தோரம் இருக்குது, அக்கா. அவர் நிக்கற இடத்துக்கு இடது பக்கம்.

பாப்பாவும் அன்னைக்கு... வலது காது தலையணைக்குள்ள, இடது காதுதானே மேல இருந்தது...

கட்டர் எங்க போச்சு? இதோ. பாருங்க, துணியை நறுக்கிட்டேன். ரெண்டு வருஷத்துல ஒரு துணி நறுக்கினதில்லை.

நான் ரெண்டு பெட்டிக்கும் "இல்லைங்க"ன்னேன். ஒரு தடவை "கேக்குதுங்க, எனக்குக் கேக்குது"ன்னு அழுத்திச் சொல்லியிருந்தா, கோபம் வந்திருக்கும், சிரிச்சிருப்பார், ஆனா எங்கயோ போய்க் காட்டியிருப்பார். திருப்பூர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குது. காதுக்குன்னு டாக்டர் இருப்பாங்கல்ல? நீங்க டீச்சரா இல்லையா, சொல்லுங்க, இருப்பாங்கல்ல? இத்தனை மாசம் போச்சே. இத்தனை மாசமும் அவர் என்கிட்டத்தான் கேட்டார். நான் என்னமோ சாமர்த்தியமா...

கேட்டீங்களா? கீழ அவர் சத்தம்தான். "துளசீ! வண்டி வந்துருச்சு, மூட்டையை எடுத்துட்டு வா!" இன்னும் ஆறு ஆகலையே, அதுக்குள்ள வண்டி வந்துருச்சா.

இதோ வர்றேனுங்க!

மறுபடி கூப்பிடறார் பாருங்க. ஜன்னலுக்கு நேர் கீழதான் நிக்கறார், நான் சொன்னது கீழ் வீட்டுக்கே கேட்டிருக்கும்.

வர்றேன்னு சொன்னேனுங்களே, வர்றேன்!

மூணாவது தடவை. எப்பவும் மூணு தடவை. நான் திமிருன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அக்கா, போயிராதீங்க. பஸ் போனா அடுத்த பஸ் இருக்குது. பெட்டியைத் துண்டு போர்த்தி அங்கயே வைங்க, அவர் காசு கேட்டாலும் குடுத்துராதீங்க. நான் மூட்டையைப் போட்டுட்டு அவரை மேல கூட்டிட்டு வர்றேன். நீங்க ஒரு ஆள் இங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். அவரோட வலது பக்கமா நின்னு சொல்லிருவேன், மணி இருக்குதுங்க, மூணு பெட்டிலயும் இருந்துச்சு, எனக்கு எப்பவும் கேட்டுச்சு, நான்தான் பொய் சொன்னேன், கேக்காதது உங்களுக்குத்தான், வாங்க காது டாக்டர்கிட்டப் போலாம்னு.